இரத்தக் கொதிப்பும் திருவனந்தபுரத்து ஆராய்ச்சிகளும்

2005ஆம் ஆண்டு மே மாதம் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவரையில், ஆறு திங்கள் காலம், திருவனந்தபுரம் நகரிலும் அதனை அடுத்துள்ள சில சிற்றூர்களிலும் புதுமையான கணக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது. பக்கவாதத்தால் முதன்முறையாகத் தாக்கப்பட்டோர் ஒவ்வொருவரையும், அவர் பெரிய மருத்துவமனையில் கிடப்பினும் தம் வீட்டுத் திண்ணையிலேயே கிடப்பினும், தேடிக் கண்டு பதிவேட்டில் எழுதுவதே அதன் நோக்கம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்ப நிலையத்து நரம்பியல் மருத்துவர்கள் இப்பணியை முன்னின்று நடத்தினர். நகரத்தில் ஏறத்தாழ 7,41,000 மக்களும் சிற்றூர்களில் 1,85,000 மக்களும் இக்கணக்கிற்கு உட்பட்டனர். பதிவானவர்கள் 541 பேர். நோய் கண்ட 28 நாட்களுக்குள் நகரத்தில் நூற்றுக்கு 24 பேருக்கு மேலும், நாட்டுப்புறத்தில் நூற்றுக்கு 37 பேரும் இறந்துபட்டனர். இவர்களைப் பக்கவாதத்திற்கு ஆளாக்கிய குறைகளுள் முதலிடம் பெற்றது மிகை இரத்த அழுத்தம். அஃதாவது, மக்கள் வழக்கில் இரத்தக் கொதிப்பு எனப்படுவது.

பக்கவாதம் ஒருவரைத் திடீரெனத் தாக்குவதுபோல் தோன்றுகிறது. ஆயினும் அதற்கு வேண்டிய ஆயத்தங்கள் பத்து ஆண்டுகளோ இருபது ஆண்டுகளோ முன்னரே அவர் உடலில் தொடங்கிவிடுகின்றன. அந்த நீண்ட காலம் முழுவதும் அவர் வயலுக்குச் சென்றிருப்பார். பள்ளியில் பாடம் நடத்தியிருப்பார். தமக்கு ஒரு குறையும் இல்லை என்று உறுதியாகக் கூறியுமிருப்பார். இரத்த அழுத்தத்தைப் பற்றிய தொல்லைகள் யாவற்றிற்கும் வேர் இங்கேதான் இருக்கின்றது.

இதனை மெய்ப்பிக்கும் மற்றொரு கணக்கும் திருவனந்தபுரத்திலிருந்தே கிடைத்தது. மேற்கூறிய நிலையத்தின் ஒரு பிரிவாகிய அச்சுத மேனன் சுகாதார விஞ்ஞான ஆய்வு மையம், மாநில அரசுடன் சேர்ந்து, 2016-17ஆம் ஆண்டுகளில் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் 18 முதல் 69 வயதுக்குட்பட்ட 12,012 பேரைச் சோதித்தது. அவர்களுள் நூற்றுக்கு 30.4 பேருக்கு அழுத்தம் மிகுந்திருந்தது. இவ்வாறு மிகுந்திருந்தோரில் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 12.4 பேர் மட்டுமே. ஆயிரம் பேர் கூடிய ஒரு திருவிழாக் கூட்டத்தைக் கற்பனை செய்தால், அதில் 304 பேர் கொதிப்புடையவர். அவருள் 38 பேரே தக்க முறையில் மருத்துவம் பெற்று அச்சமின்றி இருப்பவர். எஞ்சிய 266 பேரும் ஆபத்தைச் சுமந்துகொண்டு நடமாடுகின்றனர்.

கேரளம் எழுத்தறிவில் முன்னிற்கும் நாடு. நடந்து செல்லும் தொலைவில் மருத்துவ நிலையம் இல்லாத ஊர் அங்கு அரிது. அத்தகைய நாட்டிலேயே நிலைமை இவ்வாறிருக்குமாயின், மருத்துவரோ மருந்தோ இல்லாமை மட்டும் இதற்குக் காரணம் ஆகாது என்பது தெளிவு. வேறு என்ன காரணம் என்பதைக் காணுமுன், அழுத்தம் என்பது யாது என்பதைச் சற்று ஆராய்தல் நலம்.

அழுத்தம் உண்டாவது எவ்வாறு?

வளர்ந்த மனிதர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. இதயம் நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் முறை அளவில் துடித்து இதனை ஓட்டுகின்றது. தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயின் வாயை விரலால் சிறிது அடைத்தால் குழாய் விறைத்துக்கொள்வதை எவரும் கண்டிருப்பர். இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனிகள் கிளைத்துக் கிளைத்து மயிரிழையினும் நுண்ணியவாகப் பிரியும் இடத்தில் அவற்றின் சுவர்த் தசைகள் இறுகினால், இதே விறைப்பு உடலெங்கும் உண்டாகின்றது. குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் ஓட்டத்திற்கு ஏற்படும் தடை இருமடங்கு ஆவதில்லை. 16 மடங்கு ஆகின்றது. ஆதலின், நுண்தமனிகளின் மிகச் சிறிய இறுக்கமும் இதயத்தின் சுமையைப் பெரிதும் கூட்டிவிடும்.

உப்பு இதில் நுழைவது சிறுநீரகத்தின் வழியாக. உடலில் சோடியம் மிகுந்தால் அதற்கேற்ப நீரும் தங்குகின்றது. குழாய்களில் ஓடும் திரவத்தின் அளவு பெருகுகின்றது. மேலும், சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரக்கின்றது. 1898ஆம் ஆண்டிலேயே ஸ்டாக்ஹோமில் கண்டறியப்பட்ட இப்பொருள், இரத்தக் குழாய்களை இறுகச் செய்யும் வேறொரு பொருள் உண்டாவதற்குக் காரணமாகின்றது. இன்று வழங்கும் மருந்துகளுள் ஒரு பெரும் பகுதி இத்தொடர் நிகழ்ச்சியை ஏதேனும் ஓரிடத்தில் தடுப்பதற்காக ஆக்கப்பட்டவை. நூற்றுக்கு 90 பேருக்கு மேல் கொதிப்பின் காரணம் இன்னதென்று ஒன்றைச் சுட்டிக் கூற இயலாது. பரம்பரை, வயது, உப்பு, பருமன், மது, உழைப்பின்மை ஆகிய பலவும் ஒன்றுகூடி அதனை விளைவிக்கின்றன.

அழுத்தத்தை இரண்டு எண்களால் குறிப்பர். இதயம் சுருங்கி இரத்தத்தை வெளித்தள்ளும்போது உள்ளது மேலளவு. அது விரிந்து ஓய்வுகொள்ளும்போது உள்ளது கீழளவு. இரண்டும் பாதரசத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் கூறுவன. மருத்துவ நிலையத்தில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேலளவு 140க்கோ கீழளவு 90க்கோ குறையாதிருப்பின் அது மிகை அழுத்தம் எனப்படும். நடுவயதினரிடம் மேலளவு 20 மில்லிமீட்டர் உயருந்தோறும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாவு நேரும் வாய்ப்பு இருமடங்காகின்றது என்பது பத்து லட்சம் பேரின் கணக்குகளை ஒன்றுசேர்த்து 2002ஆம் ஆண்டில் கண்ட முடிவு.

அளவை தவறினால் யாவும் தவறும்

18ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதனுடன் கண்ணாடிக் குழாயை இணைத்துப் பார்த்தார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் ஏறி நின்றது. அழுத்தத்தை அளந்த முதல் முயற்சி இதுவே. மனிதனுக்கு ஏற்ற, தோலைக் கீறாத கருவியை 1896ஆம் ஆண்டில் இத்தாலியரான ரிவா-ரோச்சி அமைத்தார். 1905ஆம் ஆண்டில் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ், பட்டையின் கீழ்ப்புறம் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து ஒலி எழுவதையும் மறைவதையும் கேட்டு இரண்டு அளவுகளையும் அறியும் முறையைக் கூறினார். பாதரசக் கருவிகள் நச்சுத்தன்மை பற்றிக் கைவிடப்பட்டு வருவதால், இன்று களப்பணியாளர் கையில் பெரும்பாலும் மின்கலத்தால் இயங்கும் தானியங்கிக் கருவியே உள்ளது. கருவி மாறினும் அளக்கும் முறையில் காட்டவேண்டிய கவனம் மாறவில்லை.

அளக்கப்படுபவர் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருத்தல் வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் படியவேண்டும். கால்மேல் கால் போடலாகாது. அதற்கு அரைமணி முன்னர்வரை தேநீர், காப்பி, பீடி, சிகரெட் ஆகாது. சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பவருக்கும் அளவு உயரும். பட்டையை வெறுங்கையில் கட்டவேண்டும். சட்டைக் கையை இறுக மேலே சுருட்டி அதன் கீழே கட்டுவதும் தவறே. கை, மேசைமீது இதயத்தின் மட்டத்தில் தங்கியிருக்கவேண்டும். கை அம்மட்டத்திற்கு 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினாலும் அளவு 7 அல்லது 8 மில்லிமீட்டர் கூடிக் காட்டும். இஃது ஒரு நோயற்றவரை நோயாளியாக்கப் போதுமானது. அளக்கும்போது பேச்சுக் கொடுத்தலும் கூடாது. ஊர்ப்புறத்தில் இவ்விதியே மிகவும் எளிதாக மீறப்படுகின்றது; ஏனெனில், வீட்டிற்கு வந்த பணியாளரிடம் பேசாதிருப்பது மரியாதைக் குறைவு என்று மக்கள் கருதுகின்றனர். ஒரு நிமிட இடைவெளி விட்டு மறுமுறையும் அளத்தல் வேண்டும். முதல் அளவு சற்று மிகுந்தே காணப்படுவது இயல்பு.

மருத்துவரைக் கண்டவுடன் அழுத்தம் ஏறுவோர் சிலர் உண்டு. வீட்டிலேயே அமைதியாக அளந்து பார்த்தால் இவர்களுடைய உண்மை நிலை விளங்கும். வீட்டில் அளப்பதற்கு 135, 85 என்னும் எண்களே எல்லை.

உணர்ச்சி வழிகாட்டுவதில்லை

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வயது 48. காலில் முள் தைத்ததற்காக மருத்துவ நிலையம் சென்ற இடத்தில் அளந்து பார்க்க, மேலளவு 168, கீழளவு 102 என்று காண்கின்றது. மாத்திரை தருகின்றனர். ஒரு மாதம் ஒழுங்காக உட்கொள்கிறார். அளவு 136க்கு இறங்குகிறது. ‘குணமாகிவிட்டது’ என்று எண்ணி நிறுத்திவிடுகிறார். நிறுத்தியதால் தலைவலியோ மயக்கமோ எதுவும் தோன்றவில்லை; ஆதலால் தம் முடிவு சரியானதே என்ற உறுதியும் அவருக்கு ஏற்படுகிறது. இரண்டு மாதத்தில் அழுத்தம் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது, அவருக்குத் தெரியவில்லை. இதற்கு நேர்மாறானவரும் உண்டு. தலை கனக்கும் நாளில் மட்டும் மாத்திரை விழுங்கி, மற்ற நாட்களில் அதனைத் தொடாதிருப்பார் இவர்.

இருவர் செய்வதும் அறியாமை என்று கூறிவிட இயலாது. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் மக்கள் பயின்ற முறை இதுவே: உடல் முறையிடும்போது மருந்து, முறையீடு நின்றால் மருந்தும் நிற்கும். தலைமுறை தலைமுறையாக நன்கு பயன்பட்ட இவ்வறிவு, அறிகுறி காட்டாத நோயின் முன்னர்த் தோற்றுவிடுகின்றது. கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் இதில் வேறுபாடு சிறிதே. கண்ணாடி அணிபவர் எழுத்துத் தெளிவாகத் தெரிகின்றது என்பதற்காகக் கண்ணாடியை எறிந்துவிடுவதில்லை. கொதிப்பு மாத்திரையும் அத்தகையதே என்று கூறினால் எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர்.

மருந்துகளின் கதை

கொதிப்பிற்கு மருந்தே இல்லாதிருந்த காலம் தொலைவில் இல்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தபோது அவருடைய மேலளவு 300ஐ எட்டியிருந்தது. உலகின் மிகச் சிறந்த மருத்துவர்கள் அருகிலிருந்தும் செய்யத்தக்கது அதிகம் இல்லை. அந்நாளில் வால்டர் கெம்ப்னர் என்பவர் உப்பற்ற சோறும் பழங்களும் மட்டுமே கொடுத்து அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார். சோறு அவருக்கு மருந்தாயிற்று என்பது தென்னாட்டினருக்கு வியப்பளிக்கலாம். உண்மையில் மருந்தாக நின்றது உப்பின் இன்மையே.

மாத்திரை வடிவில் வந்த முதல் மருந்துகளுள் ஒன்று இந்தியாவின் கொடை. மலைச் சரிவுகளில் வளரும் சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரைப் பற்றி 1931ஆம் ஆண்டில் சென், போஸ் என்னும் இரு கல்கத்தா அறிஞர்கள் எழுதினர். தமிழில் இச்செடியைச் சிவன் அமல்பொடி என்றும் வழங்குவர். 1949ஆம் ஆண்டில் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், 50 நோயாளிகளிடம் அதனைச் சோதித்த முடிவுகளைப் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்டார். 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் வேரிலிருந்து ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வை உண்டாக்கக்கூடும் என்னும் ஐயத்தாலும் மேலான மருந்துகள் வந்ததாலும் இன்று அதன் வழக்கு அருகிவிட்டது. இவ்வேரைக் கடைச் சரக்காக வாங்கித் தாமே இடித்து உண்பது தீங்கு விளைக்கும். ஒரு வேருக்கும் மற்றொரு வேருக்கும் வீரியம் ஒத்திராது.

மருந்தினால் உயிர் காக்கப்படும் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது 1967ஆம் ஆண்டில். அமெரிக்காவில் முன்னாள் போர்வீரர் 143 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு உண்மை மருந்தும் மற்றவர்க்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தனர். இவர்களின் கீழளவு 115 முதல் 129 வரை இருந்தது. மருந்தற்ற பிரிவில் 27 பேருக்குக் கடுந்தீங்குகள் நேர்ந்தன. மருந்துண்டோரில் இருவருக்கே நேர்ந்தது.

இன்று இந்திய அரசின் மருத்துவ நிலையங்களில் பின்பற்றப்படும் முறை எளிமையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மத்திய சுகாதார அமைச்சகம், மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனம் முதலியவை கூடி 2017ஆம் ஆண்டில் தொடங்கிய கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கேரளம் முதல் ஐந்து மாநிலங்களுள் ஒன்று. 2022ஆம் ஆண்டில் இத்திட்டம் ஐக்கிய நாடுகளின் பரிசையும் பெற்றது. ஒவ்வொரு மாநிலமும் ஒரே ஒழுங்கான மருந்து வரிசையை வகுத்துக்கொள்ளுகிறது. பெரும்பாலும் அம்லோடிபின் 5 மில்லிகிராம் முதற்படி. ஒரு மாதத்தில் அளவு இறங்காவிடின் டெல்மிசார்ட்டன் போன்ற மற்றொன்று சேரும், அல்லது முன்னதன் அளவு கூட்டப்படும். அதற்கும் மேல் குளோர்தாலிடோன் என்னும் நீரிறக்கி. ஒரே மருந்தை இருமடங்காக்குவதைக் காட்டிலும் இரண்டு வகை மருந்தைச் சிறிய அளவில் சேர்த்தல் அழுத்தத்தை மிகுதியாகக் குறைக்கும். இலங்கையில் 700 பேரிடம் செய்யப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான சோதனை இதற்குச் சான்று. அங்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேர் இலக்கை எட்டினர். வழக்கமான மருத்துவம் பெற்றோரில் 55 பேரே எட்டினர்.

மருந்தினால் வரும் சிறு தொல்லைகளை முன்னரே கூறிவைத்தல் பணியாளர் கடமை. அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் வறட்டு இருமலைத் தரும். இவற்றிற்கு மாற்று மருந்து உண்டு. முன்னறிவிப்பின்றி வீக்கத்தைக் காண்பவர் அஞ்சி, மருந்தை நிறுத்திவிட்டு, மருத்துவ நிலையத்தின் பக்கமே வராமல் ஒதுங்கிவிடுவர். கருவுற்ற பெண்களுக்கும் கருவுறக் கூடியவர்களுக்கும் டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் ஆகிய இரண்டும் ஆகா. அதனை மருத்துவரிடம் தவறாது தெரிவிக்கவேண்டும். மூட்டு வலிக்கெனக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகளுள் பல அழுத்தத்தை ஏற்றுவன. மருந்துண்டும் அளவு இறங்காத முதியவரிடம் இதனை முதற்கண் வினவுதல் நலம்.

உப்புப் பொட்டலமும் ஒரு கணக்கும்

மருந்து ஒரு கையெனின், வாழ்முறை மற்றொரு கை. தனி மருந்து ஒன்று மேலளவை ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறைக்கும். உப்பைக் குறைத்தல் 5 மில்லிமீட்டர் அளவும், நாள்தோறும் அரைமணி விரைந்து நடத்தல் ஏறக்குறைய அதே அளவும் குறைக்கும். உடல் எடையில் குறையும் ஒவ்வொரு கிலோவிற்கும் ஒரு மில்லிமீட்டர் அளவில் இறங்கும். பழம், காய்கறி, கொழுப்பு நீக்கிய பால், பயறு இவை மிகுந்த உணவு, கொதிப்புடையோரின் மேலளவை 11 மில்லிமீட்டர் வரை இறக்கியதாக 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டனர். அழுத்தம் சிறிதே மிகுந்தவர்க்கு இவை மட்டுமே சில காலம் போதுமானவையாகலாம். 168, 102 என்று நிற்பவர்க்குப் போதா. அவருக்கு இரண்டு கைகளும் வேண்டும். ‘முதலில் பத்தியம் இருந்து பார்க்கிறேன், பிறகு மருந்து’ என்று அத்தகையவர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது, மருந்தை உண்டுகொண்டே கருவாட்டைக் கைவிடாதிருப்பதைப் போலவே குறையுடைத்து.

ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்த ஒரு கரண்டி. எவரும் தம் உப்பை நிறுத்துப் பார்ப்பதில்லையாதலின் இவ்வறிவுரை காற்றில் போகின்றது. ஆசிரியர்கள் ஒரு வழி செய்யலாம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் வீட்டில் பிரித்த நாளையும் தீர்ந்த நாளையும் குறித்துவருமாறு மாணவரிடம் கூறவேண்டும். நால்வர் உள்ள வீட்டில், ஒருவர்க்கு 5 கிராம் வீதம் நாளொன்றுக்கு 20 கிராம் எனின், பொட்டலம் 50 நாள் வரவேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஒருவர் பங்கு 10 கிராம். ஊறுகாய்க்கும் கால்நடைக்கும் எடுத்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் பண்டங்களில் மறைந்துள்ளதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவனுக்கு இதனினும் பயனுள்ள வகுத்தல் கணக்குக் கிடைப்பது அரிது. விடை அவன் தாயின் கையில் உள்ள உப்புச் சாடியை அன்று மாலையே எட்டிவிடும்.

தென்திருவிதாங்கூர்ப் பகுதியின் உணவில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் பலவாயினும் தெரிந்தவையே. கஞ்சியில் இடும் உப்பு, அதற்குத் துணையாகும் உப்பு மாங்காயும் கருவாடும், மரவள்ளிக் கிழங்கை வேகவைக்கும் நீரில் இடுவது, மீன்குழம்பு, இவையன்றிப் பப்படம். பப்படத்தில் உப்புடன் சேரும் காரமும் சோடியம் உடையதே என்பதைப் பலர் அறியார். கஞ்சியில் உப்பிடாது துணைக்கறியில் மட்டும் இடுதல், கருவாட்டை நன்றாக ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிடுதல், சாப்பாட்டு இலையில் உப்பு வைக்காதிருத்தல் ஆகியவை எளிய தொடக்கங்கள். இரண்டு மூன்று வாரம் உப்புக் குறைந்தது போலத் தோன்றும். பின்னர் நாக்கு பழகிவிடும். இந்துப்பு தீங்கற்றது என்பது தவறான எண்ணம். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. தூள் உப்பில் சேர்க்கப்படும் அயோடின் அதில் இல்லை என்பதே வேறுபாடு.

சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் கலந்த உப்பு, சீனாவின் 600 சிற்றூர்களில் சோதிக்கப்பட்டு, பக்கவாதத்தை நூற்றுக்கு 14 பங்கு குறைத்ததாக 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் சிறுநீரக நோய் உள்ளவரும் டெல்மிசார்ட்டன் போன்றவற்றை உண்பவரும் மருத்துவரைக் கேளாமல் அதனை வாங்கலாகாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயம் நிற்கவும் கூடும். முருங்கைக் கீரை, வாழைப்பழம், பயறு வகைகள் இவற்றின் மூலம் வரும் பொட்டாசியம் மற்றவர்க்கு நன்மையே தரும். மது அழுத்தத்தை நேரடியாக ஏற்றுகின்றது. புகையிலை இரத்தக் குழாயின் சுவரையே கெடுக்கின்றது; அழுத்தமும் புகையிலையும் சேர்ந்தவிடத்துத் தீங்கு பன்மடங்காகும்.

சிற்றூர்க் கூட்டங்கள்

மருந்தும் அறிவுரையும் இருந்தும் அவை நிலைபெறாமை கண்டு, அதற்கு வழி தேடிய ஆராய்ச்சி ஒன்று திருவனந்தபுரத்தையும் ஒரு களமாகக் கொண்டது. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டமும் ரிஷி வேலிப் பகுதியும் ஏனைய களங்கள். வளர்ச்சி நிலையில் மூன்றும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை, அதனாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டன. கொதிப்புடையவர்களை அவரவர் சிற்றூரிலேயே சிறு குழுக்களாகக் கூட்டினர். ஆஷா பணியாளர் இரு வாரத்திற்கு ஒருமுறை, மூன்று மாதத்தில் ஆறு கூட்டங்கள் நடத்தினர். கூட்டத்தில் அழுத்தத்தை அளந்தனர். உணவு, நடை, மாத்திரை இவற்றைப் பற்றிப் பேசினர். புதிய மருந்தோ புதிய கருவியோ ஒன்றும் இல்லை. 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, கூட்டம் நடந்த ஊர்களில் மேலளவு மற்ற ஊர்களினும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியது. கட்டுக்குள் வந்தோரின் விகிதமும் உயர்ந்தது. வங்காள தேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளில் வீடு வீடாகப் பணியாளரை அனுப்பிச் செய்த மற்றொரு சோதனையும் அதே ஆண்டில் ஏறத்தாழ இதே அளவையே கண்டது.

5 மில்லிமீட்டர் சிறிதென்று தோன்றலாம். ஒருவர்க்கு அது சிறிதே. ஓர் ஊர் முழுவதும் இறங்கினால், அவ்வூரில் கிடையில் விழுவோர் தொகை குறையும். கூட்டம் எவ்வாறு பயன் தருகின்றது என்பதும் கருதத்தக்கது. உடல் காட்டாத அறிகுறியை அங்கே அளவை காட்டுகின்றது. ரப்பர் வெட்டும் தொழிலாளி தம் சீட்டில் 136 என்பதன் அருகே, மாத்திரையை நிறுத்திய பின் 164 என்று எழுதப்படுவதைத் தம் கண்ணாலேயே காண்பார். பக்கத்து வீட்டார் சீட்டில் எண் இறங்கியிருப்பதையும் காண்பார். நூறு சொற்பொழிவுகள் செய்யாததை இவ்விரு எண்களும் செய்யும்.

பூஜப்புரையில் உள்ள ஸ்ரீ சித்திரை நிலையத்தின் கருவியியல் பிரிவில் உருவாகி, 1990ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட செயற்கை இதய வால்வு நாடறிந்த சாதனை. அந்நிலையத்தையே சேர்ந்த ஆய்வு மையம், நாற்காலியும் பட்டையும் சீட்டும் கொண்டு நடைபெறும் இக்கூட்டங்களிலும் பங்கேற்றது. செய்தித்தாள்களில் முன்னதற்குக் கிடைத்த இடம் பின்னதற்குக் கிடைக்கவில்லை.

கூட்டம் நடத்துவோர்க்கு இரண்டு குறிப்புகள் மிகவும் வேண்டுவன. மேலளவு 180க்கோ கீழளவு 110க்கோ மேற்பட்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்பவேண்டும். அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒரு பக்க முகமோ கையோ தளர்தல், நாக்குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் ஒரு நிமிடமும் தாழ்த்தாது பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். மூளையின் இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து, அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்திற்குள் கொடுத்தாலே பயன்படும்.

மற்றொன்று ஆண்களைப் பற்றியது. பணியாளர் வீடுகளுக்குச் செல்வது பகலில்; அவ்வேளையில் ஆண்கள் தோட்டத்திலோ கடலிலோ கடையிலோ இருப்பர். பெண்களும் முதியோரும் அளக்கப்பட, நாற்பது வயதுத் தொழிலாளி விடுபட்டுப் போகிறார். வளைகுடா நாடுகளிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வந்து திரும்புவோரும் அவ்வாறே. அவர்கள் கூடும் இடங்கள் கிராமத்து வாசகசாலை, தேநீர்க் கடை, படகுத் துறை, ரப்பர்ப் பால் சேகரிக்கும் நிலையம் ஆகியவை. தேநீர்க் கடையில் அளப்பதானால், தேநீர் அருந்துமுன்னரே அளந்துவிட வேண்டும். மாலை 6 மணிக்குப் பின் வாசகசாலை மேசையில் கருவியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், பகலெல்லாம் நடந்து காணாதவர்களைக் காணலாம்.